கொதிக்கும் இன்ஜினும் வெப்பப் பாடமும்

வெப்பம் பாடத்துக்கு நாம் வழக்கமாக எடுத்துச் செல்லும் பொருள்கள் மூன்றுதாம். மெழுகால் குண்டூசிகள் ஒட்டிய இரும்புக் கம்பி, மரத்தூள் போட்ட நீர்க்குடுவை, வெயிலில் வைக்கக் கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு தகர டப்பாக்கள். கடத்தலுக்கு ஒன்று, சலனத்துக்கு ஒன்று, கதிர்வீச்சுக்கு ஒன்று. மாணவர்கள் வரையறைகளைச் சரியாகவே எழுதிவிடுகிறார்கள். ஆனால் இவையெல்லாம் ஒரே இடத்தில் ஒன்றையொன்று நம்பி நடக்கும்போது, இடையில் ஒன்று நின்றுபோனால் என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பு அமைதியாகிவிடும்.

அந்தக் கேள்விக்குத் தினமும் விடை சொல்லிக்கொண்டிருப்பவர் அநேகமாக நம் பள்ளி இருக்கும் தெருவிலேயே இருப்பார். வண்டிப் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக். அவர் பிள்ளை நம் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கக்கூடும். "வெப்பச் சலனம் என்றால் என்ன?" என்ற இரண்டு மதிப்பெண் கேள்விக்கு வெற்றிடம் விடுகிற அதே பிள்ளை, "மேல் ஹோஸ் ஜில்லுனு இருக்குதுன்னா தெர்மோஸ்டாட் மாட்டிக்கிச்சு சார்" என்று சொல்லும். இரண்டும் ஒரே அறிவின் இரண்டு முகங்கள் என்று அந்தப் பிள்ளைக்கும் தெரியாது, பல நேரங்களில் நமக்கும் தோன்றுவதில்லை. எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளின் வெப்பம் பாடத்தையும் பத்தாம் வகுப்பின் வெப்ப இயற்பியலையும் ஒரு பழைய காரின் முன்னால் நின்று நடத்த முடியும் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

ஏன் பழைய கார்? புதிய கார்களின் பானெட்டைத் திறந்தால் பிளாஸ்டிக் மூடிதான் தெரிகிறது. 1957 முதல் 2014 வரை உத்தர்பாராவில் தயாரான அம்பாசடரைப் போன்ற வண்டியில் எல்லாம் கண்முன் கிடக்கும். ரேடியேட்டர், அதன் மேல்தொட்டியிலிருந்து இன்ஜினுக்குப் போகும் மேல் ஹோஸ், அடியிலிருந்து வாட்டர் பம்புக்கு வரும் கீழ் ஹோஸ், பம்பின் தண்டிலேயே பொருத்திய ஃபேன், அவற்றைச் சுழற்றும் ஒரே பெல்ட். ஒரு மாணவர் விரலால் வழியைத் தொட்டுக் காட்டிவிடலாம். அம்பாசடர் கிடைக்காவிட்டால் பழைய ஜீப்போ வேனோ டிராக்டரோ போதும்.

எவ்வளவு வெப்பம்?

வண்டியிடம் போவதற்கு முன் கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டுவிடுவது நல்லது. தோராயக் கணக்குத்தான். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடும் கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு மணி நேரத்தில் 5 லிட்டர் பெட்ரோலை எரிக்கும். அதன் நிறை ஏறத்தாழ 3.7 கிலோகிராம். பெட்ரோலின் கலோரி மதிப்பு கிலோகிராமுக்கு 45,000 கிலோஜூல் என்று கொண்டால் மொத்தம் 1,66,500 கிலோஜூல். இதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் சக்கரத்தைச் சுழற்றும் வேலையாகிறது. இன்னொரு மூன்றில் ஒரு பங்கு புகைக்குழாய் வழியாகப் போகிறது. மீதி இன்ஜினின் இரும்புச் சுவர் வழியாகத் தண்ணீருக்கு வருகிறது. அந்த மூன்றில் ஒரு பங்கை 3,600 நொடிகளால் வகுத்தால் நொடிக்கு 15.4 கிலோஜூல்.

இந்த எண் மாணவர்களுக்கு ஒன்றும் சொல்லாது. வீட்டில் வாளித் தண்ணீரில் போடும் ஹீட்டர் கம்பி 1,500 வாட் என்று சொல்லி, அந்த மாதிரி 10 கம்பிகளை ஒரே நேரத்தில் இன்ஜினுக்குள் போட்டு வைத்திருக்கிறோம் என்றால் கண்கள் விரியும்.

அடுத்த கேள்விதான் முக்கியம். ரேடியேட்டர் திடீரென்று வேலை செய்யாமல் போனால், இயல்பான 85 டிகிரியிலிருந்து 105 டிகிரிக்குப் போக எவ்வளவு நேரமாகும்? உள்ளே 8 லிட்டர் தண்ணீர், அதோடு சேர்ந்து சூடாகும் 100 கிலோகிராம் இரும்பு என்று வைத்துக்கொள்வோம். தண்ணீரின் தன் வெப்ப ஏற்புத்திறன் 4.2, இரும்புக்கு 0.46. ஒரு டிகிரி உயரத் தண்ணீருக்கு 33.6 கிலோஜூல், இரும்புக்கு 46. இரண்டும் சேர்ந்து 79.6. இருபது டிகிரிக்கு 1,592 கிலோஜூல். நொடிக்கு 15.4 வீதம் வந்தால் 103 நொடி. இரண்டு நிமிடம்கூட இல்லை! பெல்ட் அறுந்த பிறகு "பக்கத்து ஊர் வரை ஓட்டிக்கொண்டு போய்விடலாம்" என்று நினைக்கிற ஓட்டுநருக்கு என்ன நேரும் என்பதை இதற்குமேல் விளக்க வேண்டாம். 8 லிட்டர் தண்ணீர் 100 கிலோ இரும்போடு ஏறத்தாழப் போட்டி போடுகிறது என்பதையும் கவனிக்கச் சொல்லுங்கள். தன் வெப்ப ஏற்புத்திறன் என்ற சொல்லுக்குப் பொருள் இங்கேதான் பிடிபடுகிறது.

பாதுகாப்பு முதலில்

சூடான ரேடியேட்டரின் மூடியை யாரும் திறக்கக் கூடாது. இதை விதியாகச் சொன்னால் மறந்துவிடுவார்கள். காரணத்தைக் கணக்காகச் சொன்னால் நிற்கும்.

ரேடியேட்டர் மூடி வெறும் மூடியன்று. உள்ளே ஒரு ஸ்பிரிங் வால்வு இருக்கிறது. வீட்டுக் குக்கரின் வெயிட்டைப் போல, குறிப்பிட்ட அழுத்தம் வரும்வரை எதையும் வெளியே விடாது. பழைய வண்டிகளின் மூடி வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் அரை மடங்கு வரை தாங்கினால்கூடத் தண்ணீரின் கொதிநிலை ஏறத்தாழ 112 டிகிரிக்கு உயரும். பிற்கால வண்டிகளில் இன்னும் அதிகம். அதாவது உள்ளே இருப்பது 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கிக் கிடக்கும் தண்ணீர். மூடியைத் திறந்த அந்த நொடியில் அழுத்தம் போய்விடுகிறது. 112 டிகிரியில் இருந்த ஒரு லிட்டர் நீர் 100 டிகிரிக்கு இறங்கும்போது விடும் வெப்பம் 12 × 4.2, சுமார் 50 கிலோஜூல். நீராவியாதலின் உள்ளுறை வெப்பம் கிலோகிராமுக்கு 2,260 கிலோஜூல். எனவே சுமார் 22 கிராம் நீர் அப்படியே ஆவியாகும். நீராவியானால் பருமன் ஏறத்தாழ 1,700 மடங்கு. ஒரு லிட்டர் நீருக்கு ஏறத்தாழ 37 லிட்டர் நீராவி, கொதிநீரையும் இழுத்துக்கொண்டு, குனிந்து பார்க்கிறவரின் முகத்தில்! பட்டறைகளில் முகமும் கையும் வெந்துபோனவர்களின் கதை இந்த ஒரு கணக்கில் இருக்கிறது.

ஆகவே மாணவர்கள் தொடும் வேலையெல்லாம் ஆறிய வண்டியில்தான். சாவி ஆசிரியரின் சட்டைப்பையில் இருக்கட்டும். இன்ஜினை ஓட்டிக் காட்ட வேண்டியிருந்தால் மெக்கானிக் மட்டும் அருகில் இருக்க, மாணவர்கள் இரண்டு மீட்டர் தள்ளி நிற்கட்டும். துப்பட்டா, தொங்கும் அடையாள அட்டைக் கயிறு எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. மின்சார ஃபேன் உள்ள வண்டிகளில் இன்ஜினை நிறுத்திய பிறகும் ஃபேன் தானாகவே ஓடத் தொடங்கக்கூடும். மூடிய கொட்டகைக்குள் இன்ஜினை ஓட்டவே வேண்டாம், கார்பன் மோனாக்சைடு மணமோ நிறமோ இல்லாதது. பச்சையாகவோ சிவப்பாகவோ இருக்கும் கூலன்ட் இனிக்கும், ஆனால் நஞ்சு. தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்தால் எந்தக் குழந்தையோ நாயோ குடித்துவிடும்.

"எப்போது சூடாகிறது?"

நல்ல மெக்கானிக் ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன் கேள்வி கேட்பார். வகுப்பில் இதை ஒரு விளையாட்டாக நடத்தலாம். ஆசிரியர் வண்டிக்காரர், மாணவர்கள் மெக்கானிக்குகள். குழுவுக்கு ஆறு கேள்விகள் மட்டும். "என்ன கோளாறு?" என்று கேட்கக் கூடாது. பார்க்கக்கூடிய, தொடக்கூடிய, கேட்கக்கூடிய ஒன்றைத்தான் கேட்க வேண்டும்.

முதல் சுற்றில் மாணவர்கள் "தண்ணீர் இருக்கிறதா?" என்று தொடங்குவார்கள். சரியான கேள்விதான். ஆனால் அதைவிட அதிகம் சொல்லும் கேள்வி, "எப்போது சூடாகிறது?" என்பது. பேருந்து நிலையத்து நெரிசலில் ஊர்ந்து போகும்போது முள் ஏறுகிறது, புறவழிச் சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் இறங்கிவிடுகிறது என்றால் தண்ணீர் ஓட்டம் நன்றாகவே இருக்கிறது, குறைவது காற்று. வேகமாகப் போகும்போது காற்று தானே வந்து மோதுகிறது, நிற்கும்போது ஃபேன்தான் இழுக்க வேண்டும். ஆகவே பார்க்க வேண்டியது ஃபேனை, அதன் பெல்ட் தளர்வை, ஃபேனைச் சுற்றியுள்ள கூண்டு உடைந்து கழன்றிருக்கிறதா என்பதை. மின்சார ஃபேன் என்றால் ஃபியூஸையும் வெப்பச் சுவிட்சையும். சில வண்டிகளில் மோட்டாரைக் கழற்றி மாட்டியவர் வயரை மாற்றிக் கொடுத்திருப்பார். ஃபேன் ஓடும், ஆனால் எதிர்த்திசையில்! ரேடியேட்டரின் முன்புறம் ஒரு காகிதத்தைக் காட்டினால் தெரிந்துவிடும். ஒட்டிக்கொண்டால் சரி, பறந்தால் தவறு.

இதற்கு நேர்மாறானது, நெரிசலில் ஒன்றுமில்லை, மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது மட்டும் கொதிக்கிறது என்பது. இங்கே காற்றைச் சந்தேகிப்பதைவிட வெப்பத்தின் அளவைத்தான் முதலில் எண்ண வேண்டும். ஏற்றத்தில் பெட்ரோல் அதிகம் எரிகிறது, வெளியேற்ற வேண்டிய வெப்பமும் அதிகம். பாதி அடைத்த ரேடியேட்டர் சமவெளியில் சமாளித்துவிடும், மலையில் சமாளிக்காது. பாதி மட்டுமே திறக்கும் தெர்மோஸ்டாட்டும் அப்படித்தான். பிடித்துக்கொண்டே இருக்கும் பிரேக்கும் பிந்தி எரியும் இக்னீஷனும்கூட இந்த வரிசையில் வரும். இன்ஜினைக் குளிர்விக்கும் அமைப்பில் குறையே இல்லாமல் வெப்பம் மட்டும் கூடிவிடும் வகை அவை. உதகமண்டலத்தின் உயரம் ஏறத்தாழ 2,240 மீட்டர். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும். மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்து அழுத்தம் நிற்காத வண்டியில் ரேடியேட்டரும் ஒரு திறந்த பாத்திரம்தான். கீழே இயல்பாக ஓடிய 93 டிகிரி, மேலே கொதிநிலையாகிவிடுகிறது. கொதிநிலை அழுத்தத்தைச் சார்ந்தது என்ற வரிக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

மூன்றாவது வகை, எப்போது என்றில்லாமல் எப்போதும் சூடாகும் வண்டி. இதில் தண்ணீர் குறைகிறதா என்பதே அடுத்த கேள்வி. குறைந்தால் எங்கே போகிறது? தரையில் சொட்டினால் ஹோஸ், கிளாம்ப், ரேடியேட்டர், பம்பின் கீழ்த்துளை. எங்கும் சொட்டவில்லை, ஆனால் காலையில் பார்த்தால் அரை லிட்டர் இல்லை என்றால், பட்டறை மொழியில் "வண்டி தண்ணி குடிக்குது". அந்தக் கதை பிறகு.

இன்னொரு குறிப்பு. பெல்ட் அறுந்த அம்பாசடரில் இரண்டு அறிகுறிகள் ஒன்றாக வரும். ஃபேனும் பம்பும் நின்று முள் ஏறும்; அதே பெல்ட்டில் ஓடும் டைனமோவும் நின்று சார்ஜ் குறையும் சிவப்பு விளக்கு எரியும். விளக்கு மின்சாரம், முள் வெப்பம், இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டு வகுப்பை ஐந்து நிமிடம் விட்டுவிடுங்கள். இரண்டு விளைவுகளுக்கும் பொதுவான ஒரே காரணத்தைத் தேடும் பழக்கம் அந்த ஐந்து நிமிடத்தில் வரும்.

ஹோஸும் தெர்மோஸ்டாட்டும்

மெக்கானிக் இன்ஜினை ஓட்டிவிட்டு, இரண்டு ஹோஸ்களையும் துணி சுற்றிய கையால் லேசாகத் தொட்டுப் பார்ப்பார். இதை அவரே செய்து, மாணவர்களுக்குச் சொல்லட்டும். தொடக்கத்தில் மேல் ஹோஸ் குளிர்ந்தே இருக்க வேண்டும். முள் நடுவை எட்டும் நேரத்தில் சட்டென்று சூடாக வேண்டும். முள் மேலே போய்க்கொண்டிருக்க, மேல் ஹோஸ் இன்னும் குளிர்ச்சி என்றால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை. மேல் ஹோஸ் சுடுகிறது, ரேடியேட்டரின் ஒரு பகுதி மட்டும் குளிர்ந்திருக்கிறது என்றால் அந்தப் பகுதியின் குழாய்கள் அடைத்திருக்கின்றன. கீழ் ஹோஸ் உறிஞ்சும் பக்கம். பழையதாகித் தொளதொளத்துவிட்டால் இன்ஜினை விரட்டும்போது உள்ளே ஒட்டிக்கொள்ளும். நிறுத்தினால் பழையபடி உப்பிவிடும். நின்ற வண்டியில் எத்தனை முறை பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத கோளாறு அது.

கொரோனா காலத்தில் பள்ளிகளுக்கு வந்த நெற்றி வெப்பமானி இதற்கு உதவுமா என்று கேட்பார்கள். உதவாது. அது உடல் வெப்ப எல்லைக்குள் மட்டும் அளக்கும்.

தெர்மோஸ்டாட்டை வகுப்புக்கே கொண்டுவரலாம். பட்டறையில் கழற்றிப் போட்டவை கிடைக்கும். வேலை செய்வது ஒன்று, செய்யாதது ஒன்று என்று இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதன் மேல் 82 அல்லது 88 என்று பொறித்திருக்கும். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, இரண்டையும் நூலில் கட்டி அடியில் படாமல் தொங்கவிட்டு, ஆய்வக வெப்பமானியையும் அப்படியே தொங்கவிட்டுச் சூடாக்கினால், நல்லது பொறித்த எண்ணுக்கு அருகில் வாய் திறக்கத் தொடங்கும். முழுதும் திறக்க இன்னும் 10, 15 டிகிரி வேண்டும். மாணவர்கள் 70 டிகிரி முதல் இரண்டிரண்டு டிகிரிக்குத் திறப்பின் அளவைக் குறித்து வரைபடம் வரையட்டும். அடுப்பை அணைத்த பிறகு இறங்கும்போதும் குறிக்கச் சொல்லுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே கோடு வருவதில்லை. ஏன் என்பதை அவர்களே விவாதிக்கட்டும்.

உள்ளே இருப்பது மெழுகு என்றால் நம்ப மாட்டார்கள். உருகும்போது மெழுகு கணிசமாக விரிகிறது, அந்த விரிவு ஒரு தண்டைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். ஒரு பேப்பர் கப்பில் உருகிய மெழுகை விளிம்புவரை ஊற்றி ஆறவிட்டால் நடுவில் குழி விழும். அந்தக் குழியின் அளவுதான் தெர்மோஸ்டாட்டைத் திறக்கும் விரிவு. பாடநூலில் நிலைமாற்றம் என்று படித்தது ஒரு காருக்குள் கதவு திறந்து மூடுகிறது.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியலாமா?

நம் ஊர்ப் பட்டறைகளில் வெகுகாலமாக இருக்கும் வழக்கம் இது. "இந்த வெயிலுக்கு இது எதுக்கு?" என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடுவார்கள். பெரும்பாலும் முள் இறங்கவும் செய்யும். ஆனால் இன்ஜின் தன் இயல்பான சூட்டை எட்டாமல் ஓடும், பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும், சிலிண்டர் விரைவில் தேயும். அடைத்த ரேடியேட்டர் அடைத்தபடியே இருக்கும், மறைந்திருக்கும், அவ்வளவே. சில இன்ஜின்களில் கழற்றிய பிறகு சூடு கூடிவிடுவதும் உண்டு. அதற்குச் சொல்லப்படும் விளக்கம்தான் ஆசிரியர்களாகிய நாம் கவனிக்க வேண்டியது: "தண்ணி வேகமா ஓடிடுது, ரேடியேட்டர்ல ஆற நேரமில்லை."

கேட்க நியாயமாக இருக்கிறது. மாணவர்கள் உடனே ஒப்புக்கொள்வார்கள். நம்மில் சிலரும் ஒப்புக்கொள்வோம். அது சரியன்று என்பதை நம் பழைய 15.4 கிலோஜூல் கணக்கே காட்டும். நொடிக்கு ஒரு லிட்டர் ஓடினால் அந்த வெப்பத்தை விட நீர் 3.7 டிகிரி ஆறினால் போதும். அரை லிட்டர் ஓடினால் 7.3 டிகிரி ஆற வேண்டும். மெதுவாக ஓடும் நீர் அதிகம் ஆறுகிறது என்பது உண்மைதான், ஆனால் அப்படி ஆறுவதால் ரேடியேட்டரின் சராசரி வெப்பநிலை குறைகிறது. வெளிக்காற்றோடு உள்ள வேறுபாடு குறைந்தால் வெளியேறும் வெப்பமும் குறையும். வேகமாக ஓடும் நீர் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சமே ஆறினாலும், ரேடியேட்டர் முழுவதையும் சூடாக வைத்திருந்து மொத்தத்தில் அதிக வெப்பத்தை விடுகிறது. அப்படியானால் கழற்றிய பிறகு ஏன் சூடானது? அந்த இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது ரேடியேட்டரைச் சுற்றிப் போகும் குறுக்கு வழியை மூடிவிடும். தெர்மோஸ்டாட் இல்லாதபோது குறுக்கு வழி திறந்தே கிடக்கிறது. சூடான நீரின் ஒரு பகுதி ரேடியேட்டரைப் பார்க்காமலேயே இன்ஜினுக்குத் திரும்பிவிடுகிறது.

மெக்கானிக்கின் கவனிப்பு சரி, விளக்கம் மட்டும் பிசகு. இதை அவர் முன்னிலையில் சொல்லும்போது அந்த இரண்டையும் பிரித்துச் சொல்வது நம் கடமை. அவர் பிள்ளை வகுப்பில் இருக்கிறது.

பம்பே இல்லாமல் ஓடிய கார்களும் உண்டு. ஃபோர்டின் மாடல் டி கார்களில் தொடக்கத்தில் வந்த சிலவற்றைத் தவிர மற்றவற்றில் வாட்டர் பம்ப் கிடையாது. சூடான நீர் மேலே எழும், ஆறிய நீர் கீழே இறங்கும், அந்தச் சலனத்தையே நம்பி ஓடின. நம் மரத்தூள் குடுவைக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டியதில்லை.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்

ரேடியேட்டர் அடைப்பதன் காரணம் நம் மாணவர்களின் வீட்டுப் பாத்திரத்தின் அடியிலேயே இருக்கிறது. கடினத்தன்மையுள்ள நீரைச் சூடாக்கினால் கால்சியம் பைகார்பனேட் சிதைந்து கால்சியம் கார்பனேட் படிகிறது. இந்த வெண்படிவின் வெப்பம் கடத்தும் திறன் செம்பினுடையதில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. மெல்லிய படிவே இன்ஜின் சுவருக்கும் நீருக்கும் இடையில் போர்வை போட்டதுபோலாகிவிடும்.

இங்கே மாணவர்கள் யோசிக்க ஒன்று உண்டு. ஒருமுறை ஊற்றிய நீரில் இருக்கும் உப்பு எல்லையுள்ளது. அது படிந்துவிட்டால் மேலும் படிய ஒன்றுமில்லை. ஒழுகும் வண்டியில் தினமும் அரை லிட்டர் ஊற்றும்போதுதான் தினமும் புதிய உப்பு உள்ளே போகிறது. சிறு ஒழுக்கை அடைக்காமல் "தண்ணி ஊத்திக்கலாம்" என்று ஓட்டுவதன் விலை, இரண்டு ஆண்டு கழித்து அடைத்த ரேடியேட்டராக வருகிறது. பேட்டரிக்கு வாங்கும் தூய நீரோடு கூலன்ட் கலந்து ஊற்றுவதே முறை. நம் சமவெளியில் தண்ணீர் உறையப்போவதில்லை, கூலன்ட் எதற்கு என்பார்கள். துருவைத் தடுப்பதும் கொதிநிலையைச் சற்று உயர்த்துவதும் அதன் வேலைகள். அதன் வெப்ப ஏற்புத்திறன் தண்ணீரைவிடக் குறைவு என்பதால் அதை மட்டும் தனியாக ஊற்றுவதும் சரியன்று.

பாத்திரத்தின் படிவைச் சுரண்டி வினிகரில் போட்டால் குமிழி வரும்; அந்த வாயுவைச் சுண்ணாம்பு நீரில் செலுத்தினால் பால்போலாகும். அறையிலேயே செய்யலாம். பழைய செம்பு, பித்தளை ரேடியேட்டர்களில் பட்டறைக்காரர்கள் மேல்தொட்டியின் ஈயப் பற்றை உருக்கிக் கழற்றி, குழாய்களில் தட்டைக் கம்பி விட்டுக் குத்தி எடுப்பார்கள். வெளிப்புறத் தகடுகளில் பூச்சியும் வைக்கோலும் அடைத்திருந்தால் இன்ஜின் பக்கத்திலிருந்து முன்புறமாகத் தண்ணீர் பீய்ச்ச வேண்டும், எதிர்த்திசையில் பீய்ச்சினால் குப்பை இன்னும் உள்ளே போகும்.

தண்ணீர் குடிக்கும் வண்டி

எங்கும் சொட்டாமல் தண்ணீர் குறைந்தால், சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையிலுள்ள கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். சான்றுகள் நான்கு இடத்தில் கிடைக்கும். சூடான பிறகும் புகைக்குழாயில் நிற்காமல் வரும் வெண்புகை. எண்ணெய் மூடியின் அடியில் பால் கலந்த காபி போன்ற குழம்பு. ஆறிய இன்ஜினை மூடி திறந்த நிலையில் ஓட்டத் தொடங்கியதும் ரேடியேட்டர் வாயில் விடாமல் வரும் குமிழிகள். தொடங்கிய ஒரு நிமிடத்திலேயே கல்லாக இறுகும் மேல் ஹோஸ். நான்காவது ஏன் சான்றாகிறது என்று கேளுங்கள். ஒரு நிமிடத்தில் தண்ணீர் விரிவடையும் அளவுக்குச் சூடாகவில்லை. ஆகவே அந்த அழுத்தம் வெப்பத்தால் வந்ததன்று, சிலிண்டரிலிருந்து கசிந்த வாயுவால் வந்தது.

குளிர்ந்த காலையில் தொடங்கியதும் சிறிது நேரம் வெண்புகை வருவது எல்லா வண்டிக்கும் இயல்பு. அந்த ஒரு சான்றை மட்டும் வைத்து ஹெட்டைக் கழற்றச் சொன்னால், வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கிறவரின் ஒரு மாத வருமானம் வீணாகும். தெர்மோஸ்டாட், பம்ப், மூடி, பெல்ட் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு "சரியாயிடுச்சு" என்பதும் இப்படித்தான். எது காரணம் என்று யாருக்கும் தெரியாது. ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்ற வேண்டும் என்று நாம் ஆய்வகத்தில் சொல்வது இங்கே பணமாகக் கண்ணில் படும்.

வழியில் கொதித்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் மாணவர்கள் வீட்டில் சொல்லட்டும். ஏசியை நிறுத்த வேண்டும். ஹீட்டர் உள்ள காரில் அதை முழுதாகத் திறந்தால் அது சிறிய இரண்டாவது ரேடியேட்டராக வேலை செய்யும், உள்ளே வெந்துபோவோம் என்பது வேறு. ஓரமாக நிறுத்தி அணைத்து, குறைந்தது அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். கொதிக்கும் இன்ஜினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் வார்ப்பிரும்பு ஒரு பக்கம் மட்டும் சுருங்கி விரிசல் விடும். முள் திடீரென்று கீழே விழுந்தாலும் மகிழக் கூடாது. தண்ணீர் மட்டம் உணரியைவிடக் கீழே போய்விட்டால், அது தண்ணீரின் சூட்டைச் சரியாகக் காட்டாது.

தொடக்க வகுப்புகளுக்கு இவ்வளவும் வேண்டாம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் "காருக்கு ஏன் தண்ணீர் ஊற்றுகிறார்கள்?" என்று கேட்டு, அவர்கள் சொல்வதை அப்படியே எழுதி வைத்தால் போதும். "தாகம் எடுக்கும்" என்றுதான் பலர் சொல்வார்கள்.

மதிப்பீட்டுக்கு வரையறை கேட்பதைவிடக் கீழ்க்கண்டதுபோல் ஒரு வண்டியைக் கொடுக்கலாம். ஒரு பழைய வேன். நெரிசலில் சூடாவதில்லை. தண்ணீர் குறைவதில்லை. எண்ணெய் சுத்தம். புறவழிச் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் பத்து நிமிடம் போனால் முள் ஏறுகிறது. வேகத்தைக் குறைத்தால் இறங்குகிறது. வண்டியை நிறுத்திப் பானெட்டைத் திறந்தால் எல்லாம் சரியாகவே தெரிகிறது. ரேடியேட்டர் போன மாதம்தான் சுத்தம் செய்தது, தெர்மோஸ்டாட் புதியது, ஹோஸ்கள் பத்தாண்டு பழையவை. முதலில் எதைப் பார்ப்பீர்கள், எப்படிப் பார்ப்பீர்கள், நின்ற வண்டியில் அது ஏன் தெரியவில்லை?